கிழமை சொல்லும் பையன்

நான் புத்திசாலி என்று முடிவானது 1982 ஆகஸ்ட் பதினைந்தாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மதியச் சாப்பாட்டின்போது. என் தங்கை மந்தம் என்பது அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே முடிவாகியிருந்தது. இரண்டு தீர்ப்புகளையும் வழங்கியவர் அப்பா. இரண்டையும் நாட்குறிப்பில் பதிந்தும் வைத்திருந்தார். தேதியும் கிழமையும் இல்லாமல் எதையும் எழுத எனக்கு வராது. அந்தப் பழக்கம் அவரிடமிருந்து வந்தது என்று தெரிந்தவர்கள் சொல்வார்கள். பாதிதான் உண்மை. மீதி எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

அப்பா ஆவடியில், பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தார். நாங்கள் அங்கேயே குவார்ட்டர்ஸில் இருந்தோம். இயந்திரத்தில் கடைந்து வரும் பாகங்களின் துளை சரியான அளவில் இருக்கிறதா என்று பார்ப்பது அவர் வேலை. அதற்கு இரண்டு முனை உள்ள ஓர் எஃகுக் கருவி உண்டு, கேஜ் என்பார்கள். ஒரு முனை துளைக்குள் போக வேண்டும். சிவப்புப் பட்டை போட்ட மறுமுனை போகக் கூடாது. அவ்வளவுதான். ஒரு பாகத்துக்கு மூன்று விநாடி. தேறினால் இந்தப் பெட்டி, தேறாவிட்டால் அது 'நோ-கோ', அந்தப் பெட்டி. இருபது வருஷம் இதைச் செய்தவருக்கு மனிதர்களையும் மூன்று விநாடியில் பெட்டி பிரித்துவிடலாம் என்ற நம்பிக்கை வந்துவிட்டதில் ஆச்சரியம் இல்லை.

தங்கைக்கு மூன்றரை வயது வரை பேச்சு வரவில்லை. 1977 ஜூலைப் பக்கம் ஒன்றில் அப்பா எழுதியிருக்கிறார்: "சின்னது இன்னும் பேசவில்லை. நோ-கோ." அடுத்த மாதமே அவள் பேசினாள். 'அம்மா'வும் 'அத்தை'யும் சொல்லிப் பழகாமல் நேராக ஒரு முழு வாக்கியத்தில் ஆரம்பித்தாள். "காலண்டர்ல இன்னிக்குத் தாள் கிழிக்கல." அப்பா எழுந்துபோய்த் தாளைக் கிழித்தார். நாட்குறிப்பில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. ஒரு தடவை ஒதுக்கிய பாகத்தை மறுபடி எடுத்து அளப்பது அவர் பிரிவில் வழக்கமில்லை.

அப்பாவை மட்டும் குறை சொல்லக் கூடாது. குவார்ட்டர்ஸில் ஒவ்வொரு வீட்டிலும் ஓர் அளவுகோல் இருந்தது. எதிர் பிளாக்கில் ஒருவர் மகனின் தலைச் சுற்றளவை மாதாமாதம் தையல் நாடாவால் அளந்தார். மாடி வீட்டு அம்மா மூளைக்கு நல்லது என்று தினமும் வல்லாரைத் துவையல் அரைத்தார். அவர் பையன் அதை ஜன்னல் வழியாக எறிவான். அது எங்கள் கொடியில் காயும் துணியில் விழும். அவன் கணக்கில் பெயிலானதற்கு எங்கள் வேட்டிகள்தான் சாட்சி. பக்கத்து வீட்டில் பையன் அலாரம் கடிகாரத்தைப் பிரித்துப் போட்டான். "இன்ஜினியர்தான், சந்தேகமே இல்ல" என்றார் அவன் அப்பா. அந்தக் கடிகாரம் அதன்பிறகு ஓடவே இல்லை. அதே வீட்டுப் பெண் தையல் மிஷினைத் திறந்து பார்த்தபோது முதுகில் இரண்டு அடி விழுந்தது.

அம்மா பழைய மாதக் காலண்டர்களைத் தூக்கிப் போடமாட்டார். வழவழப்பான கெட்டித் தாள். சமையலறை அலமாரியில் டப்பாக்களுக்கு அடியில் விரிப்பார். மிளகாய்த் தூளுக்கு அடியில் 1975, பருப்புக்கு அடியில் 1978, கீழ்த்தட்டில் முறத்துக்குப் பக்கத்தில் 1980. தங்கை நாளெல்லாம் அந்த அலமாரி முன்னால் உட்கார்ந்திருப்பாள். மந்தமான பிள்ளை எங்கே உட்கார்ந்தால் என்ன என்று யாரும் கேட்கவில்லை.

82 ஆகஸ்ட்டில் அவளுக்கு எட்டரை வயது, எனக்குப் பத்து. கொடியேற்றம் முடிந்து மிட்டாயோடு வீட்டுக்கு வந்தோம். அவள் சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்து என்னிடம் மெதுவாகச் சொன்னாள்.

"அண்ணா, ஒவ்வொரு வருஷமும் கிழமை ஒரு நாள் தள்ளிப் போவுது. லீப் வருஷம்னா ரெண்டு. அப்படியே பின்னால போனா சுதந்திரம் வந்தது வெள்ளிக்கிழமை."

எனக்கு முதல் பாதி புரியவில்லை. கடைசி வார்த்தை மட்டும் நினைவில் நின்றது. சாப்பிடும்போது, அப்பா தொழிற்சாலையில் யாரோ பேசிய பேச்சைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தபோது, "சுதந்திரம் வந்தது வெள்ளிக்கிழமைப்பா" என்றேன்.

அப்பா கையில் எடுத்த கவளத்தை இலையிலேயே வைத்தார். "யார்றா சொன்னது?"

அந்தக் கேள்விக்கு ஒரே வார்த்தையில் பதில் இருந்தது. எனக்கு எதிரே அவள் ரசத்தைப் பிசைந்துகொண்டிருந்தாள். நான் சொன்னது, "கணக்குப் போட்டுப் பார்த்தேன்" என்று.

அப்பா தன் பிறந்த தேதியைக் கேட்கவில்லை, அம்மாவின் தேதியைக் கேட்டார். நான் திருதிருவென்று விழித்தேன். அவள் இடது கையை இலைக்குப் பக்கத்தில் வைத்து விரல்களை நீட்டினாள். ஐந்து. ஞாயிறிலிருந்து எண்ணினேன். "வியாழன்." அம்மா, "ஆமாங்க, எங்கம்மா வியாழக்கிழமைன்னுதான் சொல்லும்" என்றார். அப்பா எச்சில் கையோடு எழுந்து என் தலையைத் தடவினார். தலையில் சாம்பார் ஒட்டியது. நான் குளிக்காமல் மாலை வரை அப்படியே திரிந்தேன்.

அவளுக்கு அது விளையாட்டு. பிறகு அதுவே எங்கள் வீட்டின் தொழிலானது. ஒன்று ஞாயிறு, இரண்டு திங்கள் என்று வரிசை. ஆறும் ஏழும் வந்தால் இரண்டு கை. வெள்ளி என்றால் ஒரு கையில் ஐந்து, மறு கையில் ஒன்று, கதவு நிலையில் ஒட்டினாற்போல் வைப்பாள். ஞாயிறு மாலைகளில் ஆட்கள் வருவார்கள். கூடத்தில் எனக்கென்று ஒரு நாற்காலி, சமையலறை வாசலைப் பார்த்து. வருகிறவர்களுக்கு என்னைப் பார்த்து நாற்காலி. அவர்கள் முதுகு சமையலறைக்கு. அவள் காபி கொண்டுவரும் சாக்கில் வாசலில் நிற்பாள். நாற்காலியைத் திருப்பிப் போட்டால் நான் உட்காரமாட்டேன். "அந்த இடத்துல உக்காந்தாதான் அவனுக்கு மனசு ஒருமுகப்படும்" என்று அப்பா விளக்குவார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த ஓர் அம்மா, எங்கள் அம்மாவுக்குப் பழக்கம், பேத்தியின் தேதியோடு வந்தார். ஜாதகக் குறிப்பில் கிழமை விட்டுப்போயிருந்ததாம். நான் "சனி" என்றதும் வாயில் கை வைத்தார்.

"இன்னாமே இது, உம்புள்ள வாயத் தொறந்தா பஞ்சாங்கம் கொட்டுது! இத்த ஊட்டுல வெச்சிகினு கீறியே, டிவில காட்டக் கூடாதா?" பிறகு காபி டம்ளரை நீட்டிய தங்கையைப் பார்த்தார். "இது இன்னா, பேசவே பேசாதா?"

"அது அப்படித்தான்," என்றார் அப்பா. "எல்லா மூளையும் மொதல் புள்ளைக்கே போயிடுச்சு. அடுத்ததுக்கு மிச்சம் இல்ல."

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள். சனிக்காக நீட்டிய ஏழு விரல்களில் இரண்டு அப்போதும் தட்டின் விளிம்பில் நீண்டிருந்தன.

83 மார்ச்சில் அவளுக்குப் பொன்னுக்கு வீங்கி வந்து பத்து நாள் உள்ளறையில் படுத்திருந்தாள். அந்தப் பத்து நாளும் எனக்குத் தலைவலி. "மூளை அதிகமா வேலை செஞ்சா தலை வலிக்கத்தான் செய்யும்" என்று அப்பா வந்தவர்களை வாசலிலேயே திருப்பி அனுப்பினார். நாட்குறிப்பில் அவளுடைய வீக்கத்துக்கு ஒரு வரி, என் தலைவலிக்கு அரைப் பக்கம்.

1984 பொங்கலுக்கு மறுநாள் அப்பாவின் போர்மேன் வீட்டுக்கு வந்தார். அப்பாவின் பதவி உயர்வு அவர் கையில் இருந்தது. புது வேட்டி, சட்டைப் பையில் இரண்டு பேனா. அம்மா முறுக்கு வைத்தார்.

"இவன்தானா உங்க கம்ப்யூட்டர்? கேப்போம். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்திரண்டு, ஜூன் பதினஞ்சு."

வாசலில் நான்கு விரல்கள். "புதன்கிழமை சார்" என்றேன்.

போர்மேன் முறுக்கை உடைத்தார். "இல்லியே தம்பி. நான் வெள்ளிக்கிழமை பொறந்தவன். எங்கம்மா சாகற வரைக்கும் அதைச் சொல்லிச் சொல்லி வெள்ளிக்கிழமையில எனக்கு முடி வெட்டவே விடல."

அப்பாவின் முகம் வெளுத்தது. "மறுபடி நல்லா யோசிச்சுச் சொல்லுடா."

நான் வாசலைப் பார்த்தேன். நான்கு விரல்கள் அசையவில்லை. "வெள்ளி... வெள்ளியாத்தான் இருக்கும் சார்" என்று இழுத்தேன். அப்போது அவள் தட்டோடு கூடத்துக்கு வந்தாள். பத்து வயது. எங்கள் வீட்டில் விருந்தாளி முன்னால் அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை.

"புதன்தான். அவரு குடுத்த தேதிதான் தப்பு."

இதன் கனம் வெளியாட்களுக்குப் புரியாது. அந்தக் காலத்தில் கிராமத்துப் பள்ளியில் பிள்ளையைக் கொண்டுபோய் நிறுத்தினால், பிறந்த தேதி யாருக்கும் தெரியாது. தலைமையாசிரியர் ஆளைப் பார்த்து ஜூன் மாதத்தில் ஒரு தேதியைப் போட்டுவிடுவார், சேர்க்கை வயது சரியாக வரும்படி. அந்தத் தேதிதான் பிறகு சர்வீஸ் புத்தகத்தில் ஏறும். அதை வைத்துத்தான் ஓய்வு. குவார்ட்டர்ஸில் பாதி ஆண்கள் ஜூனில் பிறந்திருந்தார்கள். எல்லோருக்கும் தெரியும், யாரும் சொல்லமாட்டார்கள். சர்வீஸ் புத்தகத்துத் தேதி தப்பு என்று ஓர் அரசாங்க ஊழியரின் முகத்துக்கு நேரே சொல்வது, இவர் வயதை மாற்றிக் கொடுத்து வேலையில் நீடிக்கிறார் என்று சொல்வதற்குச் சமம்.

போர்மேன் மெல்வதை நிறுத்தினார். அப்பா எழுந்து அவள் கன்னத்தில் அறைந்தார். தட்டு விழுந்து முறுக்கு தரையெங்கும் சிதறியது.

"சார், மன்னிச்சிக்கோங்க. இது கொஞ்சம் மண்டு. எங்க எதைப் பேசறதுன்னு தெரியாது."

"விடுங்க, விடுங்க. குழந்தை," என்றார் போர்மேன். ஆனால் காபியைக் குடிக்காமல் எழுந்துவிட்டார்.

அவள் அழவில்லை. குனிந்து முறுக்குத் துண்டுகளைப் பொறுக்கினாள். நான் நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தேன். தரையில் ஒரு துண்டு என் காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. அதைக்கூட எடுத்துக் கொடுக்கவில்லை. அன்றைய நாட்குறிப்பில்: "சின்னதால் அவமானம். புத்தி இல்லாவிட்டாலும் வாயாவது அடங்க வேண்டாமா."

இத்தனைக்குப் பிறகும் மறுநாள் அவள் வாசலில் நின்றாள், அதே இடத்தில். வேறு யாரோ வந்திருந்தார்கள்.

வளர வளர மதிப்பெண்கள் குறுக்கே வந்தன. அவள் கணக்கில் தொண்ணூறுக்குக் கீழே வாங்கியதில்லை. நான் ஐம்பதைத் தாண்டத் திணறினேன். இதையெல்லாம் அப்பா சிரமமில்லாமல் சமாளித்தார். என் தாளைப் பார்த்துவிட்டு, "அலட்சியம். மூளைக்காரனுக்குப் பரீட்சை எல்லாம் தூசு" என்பார். அவள் தாளைப் பார்த்துவிட்டு, "மனப்பாடம். பாவம், மாடு மாதிரி உழைக்குது" என்பார். என் மதிப்பெண் குறையக் குறைய என் அறிவு ஏறியது. அவள் மதிப்பெண் ஏற ஏற அவள் உழைப்பு மட்டும் ஏறியது. அம்மா ஒருத்தர்தான் இந்தக் கணக்கில் சேரவில்லை. "கம்ப்யூட்டரே, எழுந்து வந்து இந்த சிலிண்டர் வாஷர மாட்டு பாப்போம்" என்பார். எனக்கு மாட்டத் தெரியாது. அவள் வந்து மாட்டுவாள்.

1989 ஜூனில் இரண்டு பேருக்கும் முடிவு வந்தது. பன்னிரண்டாம் வகுப்புக் கணக்கில் நான் இருநூறுக்கு நூற்றுப் பதினெட்டு. பத்தாம் வகுப்பில் அவள் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. அவளுக்குப் பதினொன்றாம் வகுப்பில் ஃபர்ஸ்ட் குரூப் வேண்டும். கணக்கும் பௌதிகமும் படிக்க வேண்டும். இதற்கு முன் அவள் எதையும் கேட்டு நான் பார்த்ததில்லை. அப்பா முடிவு செய்திருந்தார்: வொக்கேஷனல் குரூப், டைப்பிங். "ஃபர்ஸ்ட் குரூப் எல்லாம் மனப்பாடத்துல ஓடாது. நடுவுல விழுந்துடும். அந்த அவமானம் எதுக்கு."

சேர்க்கைப் படிவம் கொடுக்க வேண்டிய நாள் காலையில் குழாயடியில் என்னைப் பிடித்தாள். குடம் நிரம்பி வழிந்துகொண்டிருந்தது. அவள் மூடவில்லை.

"அண்ணா, அப்பாகிட்ட சொல்லு."

"இன்னான்னு?"

"அந்தக் கிழமைக் கணக்கு நான்தான் போட்டேன்னு. நான் சொன்னா நம்ப மாட்டாரு. நீ சொன்னா நம்புவாரு. ஒரே ஒரு தபா சொல்லு, போதும்."

"சொல்றேன்," என்றேன். சொல்லவும்தான் நினைத்தேன். இதை நான் பல முறை எனக்கே சொல்லிப் பார்த்திருக்கிறேன். உண்மையிலேயே நினைத்தேன்.

அப்பா கூடத்தில் படிவத்தைப் பூர்த்தி செய்துகொண்டிருந்தார். "வாடா. இதுல எல்லாம் சரியா இருக்கான்னு பாரு" என்று பக்கத்தில் உட்காரச் சொன்னார். எனக்குப் பாலிடெக்னிக்கில் இடம் கேட்டு அன்று மாலை ஒருவரைப் பார்க்கப் போக வேண்டியிருந்தது. "பையன் மார்க்கைப் பார்க்காதீங்க, மூளையைப் பாருங்க" என்று அவரிடம் ஏற்கெனவே சொல்லி வைத்திருந்தார். நான் வாயைத் திறக்க, அப்பா பேனாவைத் தூக்கினார்.

"இவ டேட் ஆஃப் பர்த். ஜனவரி இருபத்திரண்டு, எழுபத்திநாலு. என்ன கிழமைடா?"

சும்மா ஒரு கொஞ்சல்தான். இத்தனை வருஷமாக அதைக் கேட்டு அலுக்காதவர். நான் தலையைத் தூக்கினேன். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள். நான் சொல்லப் போகிறேன் என்று நினைத்து வந்து நின்றிருக்க வேண்டும். கேள்வி காதில் விழுந்ததும் அவள் கை தானாக நிலைக்குப் போனது. மூன்று விரல். ஏழு வருஷப் பழக்கம்.

"செவ்வாய்," என்றேன்.

"பாத்தியா!" என்று சொல்லிக்கொண்டே அப்பா அடுத்த கட்டத்தில் டைப்பிங் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். நான் மறுபடி தலையைத் தூக்கியபோது வாசலில் யாரும் இல்லை. மிளகாய்த் தூள் டப்பாவைத் திறந்து மூடும் சத்தம் கேட்டது.

அதன்பிறகு எங்கள் வீட்டில் யாருக்கும் கிழமை சொல்லப்படவில்லை. யாராவது கேட்டால் நான், அதெல்லாம் சின்ன வயசு விளையாட்டு என்பேன். "இப்ப அதைவிடப் பெரிய யோசனையெல்லாம் ஓடுது அவனுக்கு" என்பார் அப்பா.

அவள் டைப்பிங் படித்தாள். அம்பத்தூரில் லேத் பட்டறை ஒன்றின் அலுவலகத்தில் ஒரு வருஷம் விலைப் பட்டியல் அடித்தாள். 92 மே மாதத்தில் வானகரத்தில் கல்யாணம் செய்து கொடுத்தார்கள். மாப்பிள்ளை நல்ல மனிதர், லாரிப் பட்டறையில் வேலை. நான் பாலிடெக்னிக்கை நான்கு வருஷத்தில் முடித்து ஒரு ஸ்டோர்ஸில் பொருள் இருப்பு எழுதும் வேலைக்குப் போனேன். பழைய புத்தகக் கடைகளில் அலைவேன். ஒருநாள் ஒரு புத்தகத்தில் கிழமை கண்டுபிடிக்கும் முறை இருந்தது. வாங்கி வந்து மூன்று வாரம் பழகினேன். பேப்பரும் பென்சிலும் இருந்தால் இப்போது எனக்கும் வரும். ஒன்றரை நிமிடம் ஆகும். அவளுக்கு, விருந்தாளி டம்ளரைக் கீழே வைக்கும் நேரம்கூட ஆகாது.

அப்பா ஓய்வு பெற்றது 1995 ஜூன் 30, வெள்ளிக்கிழமை. தொழிற்சாலை வண்டியில் மாலையோடு கொண்டுவந்து விட்டார்கள். பிரிவுக்காரர்கள் ஏழெட்டுப் பேர் கூடவே வந்து கூடத்தை நிறைத்தார்கள். தங்கை குழந்தையோடு வந்திருந்தாள். பெண் குழந்தை, இரண்டே கால் வயது. இன்னும் பேச்சு வரவில்லை. அப்பா மாலையைக் கழற்றி அதன் கழுத்தில் போட்டு, "தாத்தா சொல்லு" என்றார். அது மாலையிலிருந்து ஒரு பூவை உருவி, எத்தனை இதழ் என்று பார்ப்பதுபோலப் பிய்த்துக்கொண்டிருந்தது.

"ம்ஹூம். அம்மா மாதிரியேதான்," என்றார் அப்பா, சிரித்துக்கொண்டே. கெட்ட எண்ணமெல்லாம் இல்லை. தங்கை குழந்தையைத் தூக்கிக்கொண்டு சமையலறை வாசலுக்குப் போய் நின்றாள்.

காபி வந்தது. அப்பா உற்சாகமாக இருந்தார். "இனிமே யாருக்குப் பயம்? புத்தகத்துல எனக்கு முப்பத்தேழு ஜூன் பத்து. அது வாத்தியார் போட்ட தேதி. நிஜமா நான் முப்பத்தாறு அக்டோபர் பத்தொம்போது. எங்கப்பா நோட்டுல எழுதி வெச்சிருக்காரு. எட்டு மாசம் அரசாங்கத்தை ஏமாத்திட்டேன்!" எல்லோரும் கை தட்டிச் சிரித்தார்கள். ஒருவர், "நான் ஒரு வருஷம் அண்ணாத்தே" என்றார். இதையே வாய்விட்டுச் சொன்னதற்காக அவளை அறைந்தவர் தான்தான் என்பது அவருக்கு நினைவிருந்த மாதிரித் தெரியவில்லை. என் பக்கம் திரும்பினார். "டேய், இந்த நிஜத் தேதிய உங்கிட்ட நான் கேட்டதே இல்ல. கேக்கப் பயம். இப்ப சொல்லு, என்ன கிழமை?"

நான் வாசலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். "அது நான் இல்லப்பா," என்றேன். என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. "எப்பவுமே நான் இல்ல. அவதான் போட்டா. உங்க முதுகுக்குப் பின்னால நின்னு விரல் காட்டுவா. நான் எண்ணிச் சொல்லுவேன். போர்மேன் வந்தாரே, அன்னிக்கும் அவதான். அவ சொன்னது சரி."

அப்பா என்னையே பார்த்தார். மெல்ல அவர் கண்கள் கலங்கின. எழுந்து வந்து என் தலையைத் தடவினார், 82இல் தடவிய மாதிரியே.

"பாத்தீங்களாய்யா? புத்தி மட்டுமில்ல, குணத்தையும் பாருங்க. நான் அவளை ஒரு வார்த்தை சொன்னேன்னு, தன் பேரையே எடுத்துத் தங்கச்சிக்குக் குடுக்குறான்."

மறுபடி கை தட்டினார்கள்.

"இல்லப்பா, நிஜமா. அவளையே கேளுங்க."

அப்பா சிரித்தபடி திரும்பினார். "சரிம்மா, நீதான் சொல்லேன். என்ன கிழமை?"

எல்லா நாற்காலிகளும் வாசல் பக்கம் திரும்பின. அந்த வாசலைப் பார்த்து அவை திரும்பியது அதுதான் முதல் தடவை. அவள் ஓர் இமைப்பொழுது என்னைப் பார்த்தாள்.

"எனக்கு என்னப்பா தெரியும்," என்றாள். "சக்கரை போதுமா பாருங்க."

ஆனால் குழந்தையின் முதுகில் இருந்த கையை நான் பார்த்தேன். இரண்டு விரல் நீண்டிருந்தன.

சாயங்காலம் பூந்தமல்லி பஸ்ஸுக்கு அவளைக் கொண்டுபோய் விட்டேன். பஸ் வருவது தெரிந்ததும், "ஏன் சொல்லல?" என்றேன்.

"சொல்லி? இப்ப இன்னா ஆவப்போவுது? எனக்கு ஃபர்ஸ்ட் குரூப் குடுப்பாங்களா?" கோபம் இல்லை. குழந்தையை இடுப்பில் ஏற்றிக்கொண்டாள். "அவரு ரிடையரான நாளு. சந்தோஷமா இருந்தாரு. விடு."

படியில் ஏறியவள் திரும்பினாள். "இவ பேசறப்ப பேசட்டும் அண்ணா. எங்க ஊட்டுக்கு வந்து இவள யாரும் கேள்வி கேக்கக் கூடாது. நீயும்தான்."

எண்பத்தொன்பதில் சொல்லியிருந்தால் அப்பா நம்பியிருப்பாரா? அப்போதும் தலையைத் தடவி, குணத்தைப் பார் என்றுதான் சொல்லியிருப்பாரோ? எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளும் வழி அன்று காலை என் கையில் இருந்தது. அதை நான் மூன்று விரலுக்கு விற்றேன்.

அப்பா 1999 பிப்ரவரியில், அயனம்பாக்கம் ஏரிப் பக்கம் கட்டிய வீட்டில் காலமானார். நாட்குறிப்புகள் எனக்கு வந்தன. அறிவாளிக்கு என்று எல்லோரும் ஒருமனதாக. ஓய்வு பெற்ற நாளின் பக்கத்தைத் தேடிப் பார்த்தேன். "மாலை மரியாதை நன்றாக நடந்தது. மகன் தன் திறமையைத் தங்கைக்கு விட்டுக்கொடுத்துப் பேசினான். மனம் நிறைந்தது. என் கிழமையை மட்டும் சொல்லவில்லை." அதற்குப் பிறகும், ஒவ்வோர் அக்டோபர் பத்தொன்பதிலும், தேதிக்குப் பக்கத்தில் ஓர் அடைப்புக்குறி போட்டு உள்ளே ஒன்றும் எழுதாமல் விட்டிருந்தார்.

அந்த நாட்குறிப்புகளை எடுத்துக்கொண்டு வானகரம் போனேன். அவள் வாசலில் உட்கார்ந்து பக்கங்களைப் புரட்டினாள். ஆறு வயதுப் பெண் உள்ளே யாருடனோ ஓயாமல் பேசிக்கொண்டிருந்தது. வெறும் அடைப்புக்குறிகளை அவள் விரலால் தொட்டுத் தொட்டுப் போனாள்.

"பாவம். கேட்டுக்கினே இருந்திருக்காரு," என்றாள்.

நான் பென்சிலை நீட்டினேன். "நீ எழுது."

அவள் வாங்கிக்கொள்ளவில்லை. நாட்குறிப்புகளை மூடி என் மடியில் வைத்தாள்.

"திங்கள்னு நீயே எழுதிடு அண்ணா. உன் கையெழுத்துன்னாதான் அவருக்குப் பிடிக்கும்."